வெள்ளெழுத்துக் கண்ணாடி: எழுநூறு ஆண்டு வரலாறு

நாற்பது வயதையொட்டிக் கிட்டத்துப் பார்வை மங்குவதை வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் சொல்வர். இது நோயன்று, தலை நரைப்பதுபோல எல்லாருக்கும் வருவது. முதலில் அந்திப்பொழுதில்தான் தெரியவரும். மாத்திரை அட்டையின் பின்புறத்து எழுத்து கலங்கும், ஊசியில் நூல் கோக்க நேரம் பிடிக்கும், அரிசியில் கல் பொறுக்க முற்றத்து வெயில் தேவைப்படும். செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் சில காலம் சமாளிக்கலாம். நாலைந்து ஆண்டுகளில் கையின் நீளமும் போதாமல் போய்விடும்.

காரணம் கண்மணிக்குப் பின்னால் உள்ள வில்லையில் இருக்கிறது. இளமையில் அது மென்மையானது. கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது; வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளர்கின்றன; வில்லை பருத்துக் குவிந்து, பொருள் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இந்த வில்லை ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. வெளிப்புறத்தில் புதிய இழைகள் அடுக்கடுக்காகச் சேர, உள்ளே இருக்கும் பழைய இழைகள் நெருக்குண்டு இறுகுகின்றன. ஒரு கட்டத்தில் தசை சுருங்கினாலும் வில்லை இளகிக் கொடுப்பதில்லை.

இந்த இறுக்கம் நாற்பதில் தொடங்குவதன்று, சிறுவயதிலிருந்தே நடந்துவருவது. பத்து வயதுப் பிள்ளை ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவில் உள்ளதையும் தெளிவாகப் பார்க்கும். இருபதில் அது 10 செ.மீ., முப்பதில் 14 செ.மீ., நாற்பதில் 22 செ.மீ. என விலகுகிறது, ஐம்பதில் 40 செ.மீ. ஆகிவிடும். புத்தகத்தை நாம் பிடிக்கும் தொலைவு 30 முதல் 40 செ.மீ. வரை என்பதால், அந்த எல்லையைத் தாண்டும் வரை இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. தாண்டியதும் திடீரென்று வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. தூரப்பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இது சற்று முன்னதாகவே வரும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுகமாகப் படிப்பார்கள். வாழ்நாளெல்லாம் கண்ணாடி சுமந்தவர்களுக்கு நடுவயது தரும் சிறிய சலுகை அது.

கண்ணாடிக்கு முன்

பழங்காலத்தில் இதற்குப் பரிகாரம் ஆள் வைத்துக்கொள்வதுதான். வசதி உள்ளவர் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்தார். படி எடுப்பவர், பொற்கொல்லர், தையல்காரர், நுண்சிற்பம் செதுக்குவோர் ஆகியோருக்கு அந்த வழி இல்லை. கைப்பழக்கமும் அனுபவமும் முதிர்ந்து நிற்கும் வயதில் கண் கைவிட்டது. நுண்ணிய வேலையைச் சீடனிடம் விட்டுவிட்டு முரட்டு வேலைக்கு இறங்க வேண்டியிருந்தது.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொருள்கள் இருப்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தது. நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை வழியே பார்த்தால் சிறிய எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் செனக்கா எழுதினார். ஆனால் அதற்குக் காரணம் நீர் என்று நினைத்தாரே தவிர, வளைந்த பரப்பு என்று அவர் கருதவில்லை. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல் ஹைத்தம் ஒளியையும் பார்வையையும் பற்றி விரிவான நூல் எழுதினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பட்ட பிறகு ஐரோப்பியத் துறவிகளின் கைக்கு வந்தது. ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன் 1267ஐ ஒட்டி எழுதிய பெருநூலில், கண்ணாடி உருண்டையின் ஒரு துண்டை எழுத்தின்மேல் வைத்தால் முதியவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் உதவும் என்று குறித்தார். மடங்களில் படிகக் கல்லை அரை உருண்டையாகத் தேய்த்து ஏட்டின்மேல் வைத்து, வரிவரியாக நகர்த்திப் படித்தார்கள். கல்லை ஏட்டிலிருந்து எடுத்துக் கண்ணருகே கொண்டுவந்ததுதான் அடுத்த அடி.

பீசாவும் வெனிஸும்

அந்த அடியை எடுத்து வைத்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. 1306 பிப்ரவரியில் ஃபிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்த ஜியோர்தானோ தா பீசா என்ற தொமினிக்கத் துறவி, கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தாமே பார்த்துப் பேசியிருப்பதாகவும் சொன்னார். இதை வைத்துத்தான் மூக்குக்கண்ணாடியின் பிறப்பை 1286ஐ ஒட்டி வைக்கிறார்கள். பீசா நகர மடத்தின் குறிப்பேடு இன்னொரு செய்தியைத் தருகிறது. முதலில் செய்தவர் தொழில் இரகசியத்தை வெளியிட மறுத்தார். அவரது வேலையைப் பார்த்த அலெஸ்ஸாண்ட்ரோ தெல்லா ஸ்பீனா என்ற துறவி தாமே செய்து பழகி, மனமுவந்து எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார். ஸ்பீனா 1313இல் காலமானார்.

பெயர் தெரியாத இடத்தில் ஒரு பெயரை நுழைக்கவும் முயற்சி நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து எழுத்தாளர் ஒருவர், கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் தம் ஊரைச் சேர்ந்த சால்வினோ தெல்யி அர்மாத்தி என்று ஒரு கல்லறை வாசகத்தைச் சான்று காட்டினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களிலும் அந்தப் பெயர் ஓடியது. அது ஊர்ப்பெருமைக்காகப் புனையப்பட்ட கதை என்பதை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் நிறுவினர்.

தொழிலாக அது வேரூன்றிய இடங்களில் முதன்மையானது வெனிஸ். கண்ணாடி உருக்குவதில் பேர்பெற்ற அந்நகரத்தின் படிகத் தொழிலாளர் சங்கம், 1300இல் சாதாரணக் கண்ணாடியைப் படிகம் என்று சொல்லி விற்கக்கூடாது என்று விதி வகுத்தது. தடை செய்யப்பட்ட போலிகளின் பட்டியலில் கண்ணுக்கான வில்லைகளும் படிக்கும் கற்களும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே, கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி விற்பவருக்கு அனுமதி கிடைத்தது. பொருள் பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் அதில் கலப்படம் புகுந்து, அதற்குச் சட்டமும் வந்துவிட்டது என்றால் விற்பனை எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அன்றைய கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி கிடையாது. மரத்திலோ எலும்பிலோ கடைந்த இரு வளையங்களில் வில்லைகளைப் பொருத்தி, கைப்பிடிகள் சேரும் இடத்தில் ஓர் ஆணி அடித்திருப்பார்கள். மூக்கின்மேல் கவ்வ வைக்க வேண்டும், இல்லையேல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் வீன்ஹாவுசன் கன்னிமாடத்தின் பாட்டறைத் தரைப்பலகைகளை 1953இல் பெயர்த்தபோது, இடுக்கில் விழுந்து கிடந்த இத்தகைய கண்ணாடிகள் கிடைத்தன. இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கண்ணாடிகள் அவைதாம்.

கண்ணாடி விரைவிலேயே கல்வியின் அடையாளமாகவும் ஆயிற்று. இத்தாலியின் திரெவீஸோ நகரில் 1352இல் தொம்மாஸோ தா மோதெனா வரைந்த சுவரோவியத்தில், கர்தினால் ஹியூ மூக்கில் கண்ணாடி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி அணிந்த மனிதரைக் காட்டும் முதல் ஓவியம் இது. ஆனால் அந்தக் கர்தினால் இறந்தது 1263இல். கண்ணாடியை அவர் கண்டிருக்கவே முடியாது. படித்தவர் என்றால் கண்ணாடி வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஓவியருக்கு வந்துவிட்டது. 1436இல் யான் வான் எய்க் வரைந்த ஓவியத்தில் முதிய பாதிரியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் செபநூலின்மேல் பிடித்திருக்கிறார். வில்லைக்கு அடியில் எழுத்துகள் உருமாறித் தெரிவதைக்கூட ஓவியர் விடாமல் தீட்டியிருக்கிறார்.

வயதே அளவு

மூப்பை ஒப்புக்கொள்வதில் உள்ள கூச்சமும் அன்றே தொடங்கிவிட்டது. கவிஞர் பெட்ரார்க் தம் வாழ்க்கைக் குறிப்பில், அறுபது கடக்கும் வரை தம் பார்வை கூர்மையாக இருந்ததாகவும், அதன்பின் விருப்பமில்லாமலே கண்ணாடியின் துணையை நாட நேர்ந்ததாகவும் எழுதுகிறார். மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா 1462இல் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்த தம் தூதருக்கு எழுதிய கடிதம் இன்னும் சுவையானது. மூன்று டஜன் கண்ணாடி வாங்கி அனுப்பச் சொல்கிறார்: தூரம் பார்க்க இளையோருக்கு ஒரு டஜன், கிட்டம் பார்க்க முதியோருக்கு ஒரு டஜன், பொதுப் பார்வைக்கு ஒரு டஜன். தமக்கு இறையருளால் கண்ணாடி தேவையில்லை என்றும், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவே வாங்குவதாகவும் சேர்த்துக்கொள்கிறார். அப்போது அவருக்கு வயது 61.

அவருடைய மகன் 1466இல் வாங்கியது 200 கண்ணாடிகள். முப்பது வயதிலிருந்து எழுபது வரை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து அளவு சொல்லியிருந்தார்கள். கண்ணைச் சோதிக்கும் முறை எதுவும் இல்லாத காலத்தில் வாங்குபவரின் வயதே அளவுகோலாக இருந்தது. வில்லை எந்த வயதில் எவ்வளவு இறுகும் என்பது ஏறத்தாழ எல்லாருக்கும் ஒன்றே என்பதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்கவில்லை. இன்று நடைபாதைக் கடையில் +1.00, +1.50, +2.00 என்று அடுக்கி விற்கும் கண்ணாடிகளும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அச்சு இயந்திரம் வந்து புத்தகம் பெருகியபோது கண்ணாடியும் உடன் பெருகியது. பெட்டியில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பவர்கள் தோன்றினர். லண்டனில் கண்ணாடி செய்வோர் சங்கம் 1629இல் அரச பட்டயம் பெற்றது. தரக்குறைவான சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அதற்கு இருந்தது. 1671இல் ஒரு கடையில் பிடிபட்ட 22 டஜன் மட்டமான கண்ணாடிகள், ‘லண்டன் கல்’ என்னும் பழைய கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் நொறுக்கப்பட்டன.

மூக்கிலிருந்து நழுவும் தொல்லை மட்டும் நானூறு ஆண்டுகள் தீரவில்லை. நாடா கட்டினார்கள், தொப்பியில் தொங்கவிட்டார்கள். 1720களின் கடைசியில்தான் லண்டன் கைவினைஞர் எட்வர்ட் ஸ்கார்லெட், நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடிக்கும் பக்கக் கம்பிகளுடன் கண்ணாடி விற்றார். இரு கையும் வேலைக்கு விடுபட்டன.

ஒரு தளபதியும் ஒரு தூதரும்

நடுவயதுக் கண்ணாடி அரசியலில் நுழைந்த நாள் ஒன்றுண்டு. அமெரிக்க விடுதலைப் போர் முடியும் தறுவாயில், சம்பள பாக்கியால் கொதித்துப்போயிருந்த படை அதிகாரிகள் 1783 மார்ச் 15 அன்று நியூபர்க் முகாமில் கூடினர். தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் பேசி முடித்தும் அவர்கள் மனம் இளகவில்லை. பிறகு ஒரு கடிதத்தைப் படிக்கத் தொடங்கியவர், எழுத்துத் தெரியாமல் தடுமாறிச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிவது பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. இந்தப் பணியில் தலை நரைத்துப் பார்வையும் மங்கிவிட்டது என்ற பொருளில் அவர் ஒரு சொல் சொன்னதும் பலர் கண்கலங்கினர். கலகப் பேச்சு அடங்கிப்போயிற்று. வாஷிங்டனுக்கு அப்போது 51 வயது.

அதே காலத்தில் பாரிஸ் அருகே அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் வேறொரு தொல்லையில் இருந்தார். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிய வேண்டியிருந்தது. இரண்டின் வில்லைகளையும் பாதியாக வெட்டி, மேல் பாதியில் தூரத்து வில்லையும் கீழ்ப் பாதியில் கிட்டத்து வில்லையும் வைத்து ஒரே சட்டத்தில் பொருத்தச் செய்தார். 1785இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதன் பயனை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். விருந்து மேசையில் தட்டில் உள்ள உணவும் தெரிகிறது, எதிரே பேசுபவரின் முகமும் தெரிகிறது. பேசுபவரின் முகக்குறிகளைப் பார்க்க முடிவதால் பிரெஞ்சு மொழியும் நன்றாகப் புரிகிறது. ஒரு முதியவர் விருந்தையும் பேச்சையும் விட்டுக்கொடுக்காமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடுதான் இன்றைய பைஃபோகல். பின்னாளில் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மெத்தெனா, நடுவில் கோடு தெரியாமல் படிப்படியாகத் திறன் மாறும் வில்லையை உருவாக்கினார். 1959இல் அது வேரிலக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

தொழில் முந்தியது, விளக்கம் பிந்தியது

கண்ணாடி ஏன் வேலை செய்கிறது என்பது முதல் முந்நூறு ஆண்டுகள் எவருக்கும் சரியாகத் தெரியாது. 1604இல்தான் யோஹானஸ் கெப்ளர், பிம்பம் விழித்திரையில் விழுகிறது என்பதை விளக்கி, வில்லைகள் பார்வையைத் திருத்தும் விதத்தையும் சொன்னார். 1623இல் செவில் நகரத்து தாசா தெ வால்தெஸ் கண்ணாடி அணிவதைப் பற்றித் தனி நூலே எழுதி, வயதுக்கேற்ற திறன்களை அட்டவணையாகத் தந்தார். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணின் வில்லையே வடிவம் மாறுகிறது என்பதை 1801இல் தாமஸ் யங் நிறுவினார். வயதேற அது குன்றும் கணக்கை 1864இல் தம் பெருநூலில் தொகுத்தவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து மருத்துவர் டோண்டர்ஸ். வெள்ளெழுத்தும் தூரப்பார்வைக் குறையும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டியதும் அவரே. அவருடைய உடன்பணியாளர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வடிவம்தான் இன்றும் கண் பரிசோதனை அறைச் சுவர்களில் தொங்குகிறது.

இந்தியாவில்

கண்ணாடி கிழக்கே வரவும் அதிகக் காலம் ஆகவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹெராத் நகரில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் ஜாமி, பரங்கியர் கண்ணாடியின் உதவியால்தான் தம் கண்கள் பயன்படுவதாகப் பாடியிருக்கிறார். தென்னிந்தியாவில் கிடைக்கும் பழைய குறிப்பு விஜயநகர காலத்தது. மத்வத் துறவி வியாசராயர் கண்ணாடியின் துணையுடன் ஏடு படித்ததை, சோமநாத கவி இயற்றிய அவருடைய வரலாறு சொல்கிறது. அறிஞர் பி.கே.கோடே அச்செய்தியை 1520ஐ ஒட்டி வைத்தார். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்துப் பத்தாண்டு ஆன நேரம் அது.

சென்னையில் 1819இல் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. ஆனால் கண்ணாடி நெடுங்காலம் நகரத்துப் பொருளாகவும் உத்தியோகஸ்தர் பொருளாகவுமே இருந்தது. அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனவை இருபதாம் நூற்றாண்டின் இலவசக் கண் முகாம்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகி, பல்லாயிரம் அறுவைகள் செய்தவர். அவருடைய மருத்துவமனை நடத்தும் முகாம்களில் சோதனை முடிந்த கையோடு கண்ணாடியைப் பொருத்தித் தரும் முறை வந்தது. கண்ணாடிக்காக இன்னொரு நாள் கூலியை இழந்து டவுனுக்குப் போகும் வேலை மிச்சமாயிற்று.

கண்ணாடி தந்தது

பொருளாதார வரலாற்றறிஞர் டேவிட் லாண்டஸ், கண்ணாடி கைவினைஞர்களின் உழைக்கும் ஆயுளை இரட்டிப்பாக்கியது என்று வாதிட்டார். நாற்பதில் நின்றுபோக வேண்டிய நுண்வேலை அறுபது வரை நீண்டதால், ஐரோப்பா அனுபவம் முதிர்ந்தவர்களின் கையை இழக்காமல் காத்தது என்பது அவர் கருத்து. இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று அசாம் தேயிலைத் தோட்டங்களில் 2017இல் நடந்தது. நாற்பதைக் கடந்த 751 தொழிலாளர்களில் ஒரு பாதிப்பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. அணியாதவர்களைவிட அவர்களின் உற்பத்தி 21.7 சதவீதம் கூடுதலாக வளர்ந்தது. ஐம்பதைக் கடந்தவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் அதிகம்.

வருமானக் கணக்கில் அடங்காத பயனும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து, ஓட்டம் சற்றுத் தணிந்து, படிக்கவும் பூ வேலை செய்யவும் நேரம் வாய்க்கும் வயதில்தான் வெள்ளெழுத்து வருகிறது. அந்த வயதில் புத்தகத்தையும் ஊசியையும் மூடி வைக்க வேண்டியதில்லை என்பதுதான் பீசாவின் பெயர் தெரியாத கைவினைஞர் விட்டுச்சென்ற ஆதாயம்.

ஆயினும் அது எல்லாரையும் எட்டவில்லை. உலகில் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருப்பதாகவும், அவர்களில் 82 கோடியே 60 இலட்சம் பேருக்கு உரிய கண்ணாடி கிடைக்கவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்கிட்டது. கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம். நாற்பதைக் கடந்தவர்கள் நடைபாதைக் கண்ணாடியோடு நின்றுவிடாமல் ஒருமுறை கண் மருத்துவரிடம் போவது நல்லது. வெள்ளெழுத்துக்காகப் போகும் அந்தச் சோதனையில்தான், வலியோ அறிகுறியோ இல்லாமல் பார்வையைத் தின்னும் கண் அழுத்த நோய் பலருக்கும் முதன்முதலாகத் தெரியவருகிறது.